தலையை மாற்றினால் ஆளே மாறிவிடுவான்: பிளாஸ்டிக் பொம்மைச் சிப்பாய்களுக்குப் புதுத் தலை பொருத்துவது எப்படி?

பிளாஸ்டிக் சிப்பாய்ப் பெட்டி ஒன்றைப் பிரித்து மேசையில் அடுக்கினால் முதலில் பெரிய படையாகத்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். நாற்பது ஐம்பது பேர் இருந்தாலும் பத்துப் பன்னிரண்டு அச்சுகள்தான், மீதி எல்லாம் அவற்றின் நகல். முழந்தாளிட்டுச் சுடும் நான்கு பேரும் ஒரே கோணத்தில் தலையைச் சாய்த்து ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்குக் கையை வெட்டி ஒட்டலாம், காலை வளைக்கலாம், துப்பாக்கியை மாற்றலாம். ஆனால் குறைந்த வேலையில் அதிக மாற்றம் தருவது தலைதான். தலை மாறிய இருவரில் யார் அந்தப் பெண்ணின் கணவன் என்று வேதாளம் கேட்டபோது, தலை யாருடையதோ அவனே என்றான் விக்கிரமாதித்தன். பொம்மைச் சிப்பாய் விஷயத்தில் அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும். தொப்பி எந்த நாடு, எந்த ஆண்டு என்று சொல்கிறது. பார்வை அவன் என்ன செய்கிறான் என்று சொல்கிறது. இரண்டும் இருப்பது கழுத்துக்கு மேலே.

இது புது வித்தையும் இல்லை. பிரிட்டனின் பழைய உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களுக்குத் தலை உடைந்துபோனால், கழுத்துக்குள் தீக்குச்சித் துண்டைச் செருகித் தலையைத் திரும்ப நிறுத்துவது வழக்கம். பிளாஸ்டிக் வந்தபின் பிரிட்டன்ஸ் நிறுவனமே 1950களின் இறுதியில் தலையும் இடுப்பும் கழற்றி மாட்டக்கூடிய ‘ஸ்வாப்பெட்’ சிப்பாய்களை விற்றது. அந்தப் பழைய ஸ்வாப்பெட்டோ, ஹெரால்டு, மார்க்ஸ் நிறுவனங்களின் பழைய சிப்பாய்களோ உங்கள் வீட்டுப் பரணில் கிடைத்தால் தயவுசெய்து கத்தி வைக்காதீர்கள். சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பழகுவதற்குப் பொம்மைக் கடையில் பையோடு தொங்கும் பச்சை நிறச் சிப்பாய்களே போதும்.

எந்தத் தலை எந்த உடலுக்கு?

கத்தியை எடுப்பதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது இது. உடை மாறாமல் தொப்பி மட்டும் மாறிய காலங்களைத் தேடிப் பிடியுங்கள். அங்கே தலையை மாற்றினால் மட்டும் போதும், உடலில் கை வைக்க வேண்டாம்.

முதல் உலகப் போர் இதற்குத் தங்கச் சுரங்கம். 1914இல் பிரிட்டிஷ் சிப்பாய் துணித் தொப்பியோடு போருக்குப் போனான். தட்டுப் போன்ற பிராடி இரும்புத் தொப்பி 1915 இறுதியில்தான் வர ஆரம்பித்தது, 1916 கோடையில் சோம் சண்டை நடந்தபோது அது பரவலாகிவிட்டது. ஜெர்மானியர்களும் அப்படித்தான். உச்சியில் முனை வைத்த பிக்கெல்ஹௌப தோல் தொப்பியோடு தொடங்கி, 1916இல் இரும்புத் தொப்பிக்கு மாறினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கெப்பி என்ற, முன்விளிம்பு வைத்த துணித் தொப்பியிலிருந்து 1915இல் ஏட்ரியன் இரும்புத் தொப்பிக்கு வந்தார்கள். சட்டையிலும் சில மாற்றங்கள் உண்டுதான். ஆனால் 1/72 அளவில், அதாவது நிஜ ஆளில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு உயரத்தில், அதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. பிரெஞ்சுக்காரனுக்கு மட்டும் வண்ணத்தைக் கவனியுங்கள், 1914இன் சிவப்புக் கால்சட்டை பிறகு வெளிர்நீலமாகிவிட்டது.

நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் காலாட்படை இன்னொரு நல்ல வாய்ப்பு. கடைகளில் அதிகம் கிடைப்பது வாட்டர்லூ சண்டைக்கான, அதாவது 1815ஆம் ஆண்டுச் சிப்பாய்கள். முன்பக்கம் உயர்ந்த ‘பெல்ஜிக்’ ஷாக்கோ என்ற தொப்பியை அணிந்திருப்பார்கள். நேராகக் குழாய் போல நிற்கும் பழைய ஷாக்கோ வைத்த தலையைப் பொருத்தினால், அதே ஆட்கள் ஸ்பெயினில் சில ஆண்டுகளுக்கு முன் சண்டையிட்டவர்களாகிவிடுவார்கள். இலகு காலாட்படைப் பிரிவினர் வாட்டர்லூவிலும் அந்தப் பழைய ஷாக்கோவையே அணிந்திருந்தார்கள்.

எதுவும் வேண்டாம், எளிதாக ஒன்று சொல்லுங்கள் என்றால் என் வாக்கு அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு, 1861 முதல் 1865 வரை. வடக்கு, தெற்கு இரண்டு பெட்டியும் வாங்கி, கெப்பித் தலைகளையும் அகன்ற விளிம்புத் தொப்பித் தலைகளையும் இஷ்டத்துக்குக் கலந்துவிடுங்கள். இரு தரப்பிலும் இரண்டு வகைத் தொப்பியும் இருந்தன, ஆகவே வரலாறு தெரிந்தவர் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

தலையால் ஆகாத வேலையும் உண்டு. தொளதொளத்த கால்சட்டை அணியும் ஸுவாவ் சிப்பாயை, ஃபெஸ் என்ற குஞ்சம் வைத்த தொப்பித் தலை ஒன்றை வைத்துச் சாதாரண உடலிலிருந்து உருவாக்க முடியாது. ஸ்காட்லாந்தின் ஹைலாண்டர் சிப்பாய்க்குக் கில்ட் என்ற மடிப்புப் பாவாடை வேண்டும். அங்கெல்லாம் உடலையும் தேடித்தான் ஆக வேண்டும்.

அளவையும் பாருங்கள். 1/32 அளவில் ஆள் ஏறத்தாழ 54 மி.மீ., தலை 7 மி.மீ. 1/72 அளவில் ஆள் 24 மி.மீ., தலை 3 மி.மீ. சொச்சம். போர் விளையாட்டுக்காகச் செய்யும் 28 மி.மீ. உருவங்களில் தலையையும் கையையும் வேண்டுமென்றே பெரிதாகச் செதுக்குவார்கள். அந்தத் தலையை வேறு நிறுவனத்தின் ஒல்லியான உடலில் வைத்தால் கல்யாணத்தில் ஆடும் பொய்க்கால் பொம்மை போலாகிவிடும். பெட்டியில் அச்சடித்த அளவை மட்டும் நம்பாமல், இரண்டு உருவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தித் தாடையிலிருந்து புருவம் வரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தொப்பியோடு சேர்த்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

பிளாஸ்டிக் எந்த ஜாதி?

புதிதாக வருபவர்கள் இடறி விழும் இடம் இது. ஒட்டவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் கையில் வைத்திருப்பது பாலிஎதிலீன்.

பொம்மைச் சிப்பாய்களில் பெரும்பாலானவை இரண்டு வகை. ஒன்று, வளைத்தால் வளைந்து திரும்பும் மெத்தென்ற பாலிஎதிலீன். ஏர்ஃபிக்ஸின் 1/72 பெட்டிகள், பச்சை நிறப் பைச் சிப்பாய்கள் எல்லாம் பெரும்பாலும் இது. இன்னொன்று, துண்டுகள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து வெட்டியெடுத்து ஒட்டும் கெட்டியான பாலிஸ்டைரீன். பெர்ரி, விக்ட்ரிக்ஸ் போன்ற நிறுவனங்களின் பல பெட்டிகள் இப்படி. அவற்றில் தலை பெரும்பாலும் தனியாகவே வரும், மிஞ்சும் தலைகளும் உண்டு. இவை தவிர வளையும் பிவிசியும் சில இடங்களில் தென்படும்.

சந்தேகம் என்றால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, ஒரு சிறு துண்டைப் போட்டு விரலால் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிஎதிலீன். அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. பாலிஸ்டைரீனும் பிவிசியும் மூழ்கும். துண்டில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் முடிவு தப்பாகும், அதனால்தான் அமுக்கச் சொன்னேன். இன்னொரு சோதனை, உப்புத்தாளால் தேய்ப்பது. பாலிஸ்டைரீன் பொடியாக உதிரும், பாலிஎதிலீன் உதிராமல் நார் நாராகப் பிசிறும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பசை இதைப் பொறுத்தது. மாடல் கிட்டுகளுக்கான பாலிஸ்டைரீன் சிமெண்ட் அந்தப் பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும். பாலிஎதிலீன் மேல் அதற்கு வேலையே இல்லை. ஃபெவிக்விக் மாதிரிச் சூப்பர் பசை பாலிஸ்டைரீனிலும் பிவிசியிலும் நன்றாகப் பிடிக்கும். பாலிஎதிலீனில் காய்ந்தபின் நகத்தால் தட்டினாலே தலை தெறித்துவிடும். அங்கே பசையை அல்ல, உள்ளே செருகும் கம்பியைத்தான் நம்ப வேண்டும்.

என்னென்ன வேண்டும்?

புது பிளேடு போட்ட கூர்முனைக் கட்டர் கத்தி, கீழே வைக்கக் கட்டிங் மேட், கையால் திருகும் ‘பின் வைஸ்’ துளைப்பான், அதற்கு அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை துளைமுனைகள், சிறு குறடு, குண்டூசிகள், ஜெம் கிளிப், சூப்பர் பசை, பல்குச்சி. இடைவெளி அடைக்க எபாக்ஸி மக்கு. ‘கிரீன் ஸ்டஃப்’ கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் ஹார்டுவேர் கடையின் எம்-சீல் ஆரம்பத்துக்குப் போதும். அது கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், அவ்வளவுதான். எபாக்ஸி பிசையும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சிலருக்குத் தோல் அரிக்கும்.

பிளேடில் கஞ்சத்தனம் வேண்டாம். மழுங்கிய பிளேடை அழுத்தித்தான் வெட்ட வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் விரல்.

வேலையைத் தொடங்குமுன் சிப்பாய்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை மேலே ஒட்டியிருந்தால் பசையும் பிடிக்காது, வண்ணமும் பிடிக்காது.

முதல் நாள்: அதே தலை, வேறு பார்வை

உடனே இரண்டு பெட்டியைப் பிரித்துத் தலைகளைக் குவிக்காதீர்கள். முதலில் ஒரே சிப்பாயின் தலையை வெட்டி, கொஞ்சம் திருப்பி, அதே உடலில் வையுங்கள். அளவு பொருந்துமா என்ற கவலையே இல்லை. வெட்டு, துளை, கம்பி எல்லாம் கைக்கு வந்துவிடும். கூடவே ஒரு ஆச்சரியமும் காத்திருக்கிறது. நேரே பார்த்து நடப்பவன் தலையை இருபது முப்பது பாகை திருப்பினாலே, பக்கத்தில் வருபவன் ஏதோ சொல்லக் கேட்கிறவன் ஆகிவிடுகிறான். நான்கு நகல்களில் மூன்றுக்கு இப்படிச் செய்தால் ஒரே அச்சு என்பது சட்டென்று தெரியாது.

வெட்ட வேண்டிய இடம் சட்டைக் காலரின் மேல் விளிம்பு. தாடைக்குக் கீழே நடுக்கழுத்தில் வெட்டினால் ஒட்டு தோலின் நடுவில் தெரியும், எவ்வளவு வண்ணம் பூசினாலும் மறையாது. காலரோரம் வெட்டினால் அங்கே ஏற்கெனவே ஒரு கோடு இருக்கிறது, ஒட்டு அதற்குள் ஒளிந்துகொள்ளும். நெப்போலியன் காலத்து உயரமான காலர்கள் இந்த விஷயத்தில் பெரிய உபகாரம். பாலைவனச் சண்டைக்காரர்களின் திறந்த சட்டைக் காலர்தான் தொல்லை.

சிப்பாயைப் படுக்க வைத்து, பிளேடைக் காலர் விளிம்பில் வைத்து, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிக்கொண்டே இறக்குங்கள். கொஞ்சம் இறங்கியதும் உருவத்தை உருட்டி அடுத்த பக்கத்திலிருந்து வெட்டுங்கள். ஒரே பக்கத்திலிருந்து முழுக்க வெட்டினால் வெட்டு சரிந்துபோகும், தலை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். கெட்டிப் பிளாஸ்டிக்கில் கழுத்து தடிமனாக இருந்தால் மெல்லிய ரம்பம் வசதி. ஆனால் ரம்பம் தன் தடிமன் அளவுக்குப் பொருளைத் தின்றுவிடும், தலை அந்த அளவுக்குத் தாழும்.

அடுத்தது துளை. முதலில் உடலின் வெட்டுமுகத்தின் நடுவில் குண்டூசியால் ஒரு குத்துக் குத்திக் குறி வையுங்கள், இல்லாவிட்டால் துளைமுனை நழுவும். 1/32 சிப்பாய்க்கு ஒரு மி.மீ. துளையும் ஜெம் கிளிப்பும், 1/72க்கு அரை மி.மீ. துளையும் மெல்லிய குண்டூசியும் சரியாக இருக்கும். உடலில் ஆழம் மூன்று நான்கு மி.மீ. போதும், 1/72 தலையின் உயரமே 3 மி.மீ. சொச்சம் என்பதால் அதில் இன்னும் குறைவாக. தலையில் துளைக்கும்போது முனை காதுகளுக்கு நடுவில் உச்சியை நோக்கிப் போக வேண்டும். கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் மூக்கு வழியே வெளியே வந்துவிடும்.

இரண்டு துளையும் நேருக்கு நேர் வர ஒரு வழி உண்டு. உடலில் செருகிய கம்பியை இம்மியளவு மட்டும் வெளியே நீட்டி வெட்டி, நுனியில் ஒரு பொட்டு ஈர வண்ணம் வைத்து, தலையை அது நிற்க வேண்டிய இடத்தில் அமுக்கி எடுங்கள். கழுத்தின் அடியில் பொட்டு விழுந்த இடம்தான் துளைக்க வேண்டிய இடம். அப்புறம் சின்னக் கம்பியை எடுத்துவிட்டு நீளமானதைச் செருகலாம்.

மெத்தென்ற பாலிஎதிலீனுக்குத் துளைப்பான்கூட வேண்டியதில்லை. குண்டூசியைக் குறடால் பிடித்து மெழுகுவத்தியில் சூடாக்கி, கழுத்துக்குள் மெதுவாக இறக்குங்கள். பிளாஸ்டிக் உருகி வழிவிட்டு, ஆறியதும் ஊசியை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஊசி சிவக்கத் தேவையில்லை, சிவந்தால் துளை பெரிதாகிப் புகையும் வரும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். குழந்தைகள் சேர்ந்து செய்வதென்றால் இந்தப் பகுதி பெரியவர் கையில் இருக்கட்டும். ஊசியின் கொண்டையை வெட்டிவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத் தலைக்குள் அமுக்கினால் பசையே இல்லாமல் தலை நிற்கும், திருப்பவும் செய்யலாம். பழைய ஸ்வாப்பெட் மாதிரி.

இரண்டாம் கட்டம்: வேறு தலை

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது தலை மட்டும் என்றால், தலை கொடுக்கும் சிப்பாயைக் காலருக்குக் கீழே, தோளையே கொஞ்சம் சேர்த்து வெட்டுங்கள். அவன் உடல் வீணாகும், பரவாயில்லை. கழுத்து நீளமாகக் கிடைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிக் குறைக்கலாம், வெட்டியதை வளர்க்க முடியாது. இரண்டு தலையும் வேண்டும், பரிமாறிக்கொள்ளப் போகிறேன் என்றால் இரண்டையும் காலர் விளிம்பில் மிகச் சரியாக வெட்ட வேண்டும். அது கை பழகியபின்.

ஒட்டுவதற்கு முன் பசையில்லாமல் வைத்துப் பாருங்கள். அவசரப்படக் கூடாத இடம் இது ஒன்றுதான். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது கழுத்து நீண்டு ஒட்டகச்சிவிங்கி மாதிரி தெரிந்தால் இன்னும் செதுக்குங்கள். ஏறத்தாழ எல்லோருடைய முதல் சிப்பாய்க்கும் கழுத்து நீளம்தான். தாடை தோள்பட்டைக்குச் சற்று மேலே நின்றால் போதும், முதுகுப்பையோடு குனிந்து நடப்பவனுக்கு இன்னும் தாழ்வாக. மனிதக் கழுத்து, தாடை தோளுக்கு நேராக வரும் வரைதான் திரும்பும். அதற்கு மேல் திருப்பினால் எங்கே தவறு என்று சொல்லத் தெரியாதவருக்கும் உறுத்தும். துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுடுகிறவனின் கன்னம் கட்டையில் படிந்திருக்க வேண்டும். அவனுக்கு நேராக நிமிர்ந்த தலை வைத்தால் வானத்தைச் சுடுகிறான் என்றுதான் தோன்றும். சுடும் உடல்களுக்குச் சுடும் உடல்களிலிருந்தே தலை எடுப்பது சுலபம்.

திருப்தி வந்தபின், பல்குச்சி நுனியில் ஒரு துளி பசை எடுத்துக் கம்பியில் தடவிச் செருகுங்கள். டியூபிலிருந்து நேராகப் பிழிந்தால் பசை வழிந்து முகத்தை மூடிவிடும்.

இடைவெளி தெரிந்தால் மக்கு. இரு பாகத்தையும் சம அளவு பிசைந்து, நூல் போல உருட்டி, கழுத்தைச் சுற்றி வைத்து, தண்ணீரில் நனைத்த ஊசியால் நீவுங்கள். கருவி ஈரமாக இல்லாவிட்டால் மக்கு அதனுடனேயே எழுந்து வரும். நேர்த்தி வரவில்லையா, இன்னும் கொஞ்சம் மக்கு வைத்துக் கழுத்துத்துணியாக்கிவிடுங்கள். தாடி, கழுத்துத்துணி, சுருட்டிப் போட்ட கம்பளி என்று ஒட்டை மறைக்க வரலாறே நிறைய வழி வைத்திருக்கிறது.

தலைப்பாகை

கை கொஞ்சம் தேறியதும் இதைச் செய்து பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் சண்டையிட்ட பிரிட்டிஷ் எட்டாவது படையின் பாலைவனச் சிப்பாய்கள், அரைக்கால் சட்டை போட்டவர்கள், பல நிறுவனங்களின் பெட்டிகளில் வருகிறார்கள். அந்தப் படையில் சண்டையிட்ட நான்காவது இந்திய டிவிஷன் ஏறத்தாழ அதே காக்கி உடைதான் அணிந்தது. 1940 இறுதியில் எகிப்தின் சிடி பர்ரானி, 1941இல் எரித்ரியாவின் கெரன், 1942இல் மீண்டும் எகிப்தில் எல் அலமைன் என்று அலைந்த டிவிஷன் அது. இந்தியப் பிரிகேடு ஒன்றில் வழக்கமாக இரண்டு இந்தியப் பட்டாலியனும் ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனும் இருக்கும். ஆகவே பெட்டியில் மூன்றில் ஒருவரை மாற்றாமல் அப்படியே விட்டாலும் வரலாற்றுக்கு முரண் இல்லை.

சீக்கியச் சிப்பாய்கள் இரும்புத் தொப்பி அணிய மறுத்தவர்கள். தலைப்பாகை செய்ய, தொப்பியைப் புருவத்துக்கு மேலே கிடையாகச் சீவிவிட்டு, அங்கே ஒரு சிறு மக்கு உருண்டையை அழுத்தி அரை மணி நேரம் இறுக விடுங்கள். பிறகு மெல்லிய பட்டைகளாக மக்கைத் தட்டி, நெற்றியின் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படிந்து கூரை முகடு போல் எழும்படி இருபுறமும் சுற்றுங்கள். காது மேல்பாதி மறைய வேண்டும். தாடிக்கு ஒரு பருக்கை மக்கு, அதில் ஊசியால் நாலைந்து கீற்று. வளைவான பொருள் என்பதால் சின்னத் தவறுகள் துணி மடிப்பாகவே தெரியும். இரும்புத் தொப்பியைச் செய்வது இதைவிடப் பல மடங்கு கடினம்.

மெட்ராஸ் சாப்பர்களை, அதாவது படையின் பொறியாளர் பிரிவினரை, செய்ய விரும்பினால் தலையில் கத்தியே வைக்க வேண்டாம், இரும்புத் தொப்பி அப்படியே இருக்கட்டும். முகத்துக்கும் கைக்கும் பழுப்பு பூசினால் ஆயிற்று. கண்ணிவெடி தேடும் கருவியோடு ஒரு சிப்பாய் உங்கள் பெட்டியில் இருந்தால் அவனை இவர்களுக்கு ஒதுக்குங்கள். இந்தப் பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே, வெடிக்கப்போன கண்ணியின் மேல் விழுந்து மற்றவர்களைக் காத்து உயிர்விட்டார். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது வழங்கப்பட்டது.

வண்ணம்

மக்கு முழுதாக இறுக ஒரு நாள் விடுங்கள். மெத்தென்ற பிளாஸ்டிக்கில் வண்ணம் நேராகப் பூசினால் வளையும்போது செதில் செதிலாக உரியும். தண்ணீர் கலந்த ஃபெவிக்காலை மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் அக்ரிலிக் பூசுவது பழைய, மலிவான வழி. முழுவதையும் முதலில் ஒரே சாம்பல் நிறத்தில் பூசிப் பாருங்கள். வெவ்வேறு நிறப் பிளாஸ்டிக்கில் ஒளிந்திருந்த ஒட்டும் பள்ளமும் அப்போதுதான் பளிச்சென்று தெரியும், திருத்துவதற்கும் அதுவே நேரம். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே கரும்பழுப்பில் மயிரிழைக் கோடு ஒன்று போட்டால் மிச்சமிருக்கும் ஒட்டு நிழலாகிவிடும்.

மிஞ்சிய தலைகளை மாத்திரை டப்பாவில் தொப்பி வகைவாரியாகப் போட்டு வையுங்கள். எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று எழுதியும் வையுங்கள், அளவு மறந்துபோகும். தலையில்லா உடல்களையும் எறிய வேண்டாம். முதுகுப்பை, தண்ணீர்க் குடுவை, துப்பாக்கி, பூட்ஸ் எல்லாம் அடுத்த வேலைக்கு ஆகும்.